கொம்புள்ள நாய்

கிரேஸ் வீட்டுக் கிடாவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்ததற்கு உண்மையான ஒரு மாப்பிள்ளைதான் காரணம்.

கிரேஸின் மகள் சுகாசினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். விருந்துக்கு ஆகும் என்று கிரேஸின் கணவன் டேனியல், தென்னேரிப் பக்கம் ஒரு கிடாக்குட்டியை வாங்கித் தன் வேனில் போட்டுக்கொண்டு வந்தான். குட்டி நன்றாகத் தின்று வளர்ந்தது. இன்னொரு பக்கம் மாப்பிள்ளையும் வளர்ந்தான். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார் போனில் கூப்பிட்டு, இந்தப் பெண் அந்த ஊருக்கெல்லாம் ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள். சர்ச்சுக்குச் சொல்லி, பந்தல்காரனுக்குச் சொல்லி, எல்லாவற்றையும் நிறுத்தி முடித்தபோது அந்தக் கல்யாணத்தில் மிச்சமிருந்தது கிடா மட்டும்தான்.

"வித்துடலாமாம்மா?" என்று டேனியல் மகளிடம் கேட்டான்.

மருந்துக்கடை வேலைக்குப் போவதும் வந்து படுப்பதுமாக, யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்த சுகாசினி கிடாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கட்டும்பா. வந்த மாப்பிள்ளைங்கள்ல ஓடிப்போவாதவன் இவன் ஒருத்தன்தான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு கிடாவை விற்க அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளைத் தாண்டி உள்ளே திரும்பினால் பொன்னிழை நகர். அங்கே வீட்டின் முன்னறையில் கிரேஸ் அழகு நிலையம் நடத்தினாள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வதில் அவளுக்குப் பெயர் உண்டு. அந்த நிலையத்தின் வாசலில் மாப்பிள்ளை நிற்பான். வருகிற பெண்களின் தலைப்பூவை மோந்து பார்ப்பான்; சில சமயம் மோந்து பார்ப்பதோடு நிறுத்தமாட்டான். ஒருமுறை சவுரிமுடி ஒன்றை முழுதாக மென்று முடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல நின்றான். கிரேஸ் அவனைத் திட்டாத நாள் கிடையாது. அவனுக்குத் தழை வாங்காத நாளும் கிடையாது.

இப்படியே போயிருக்கும். ஆனால் பொன்னிழை நகர் குடியிருப்போர் நலச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. நகர எல்லைக்குள் கால்நடை வளர்க்கத் தடை. செல்லப் பிராணிகளுக்குத் தடையில்லை. தீர்மானத்தை நகல் எடுத்து வீட்டுக்கு வீடு சுவரில் ஒட்டினார்கள். கிரேஸ் வீட்டுச் சுவரில் ஒட்டியதை, பசை ஈரம் காயுமுன் மாப்பிள்ளை தின்றுவிட்டான். இதனால் கால்நடையாக இருந்த குற்றத்தோடு, சங்கத்தின் தீர்மானத்தை உட்கொண்ட குற்றமும் அவன் மேல் சேர்ந்தது.

சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் நேரிலேயே வந்தார். தறிகள் வைத்து நடத்துகிறவர். எந்தப் பேச்சையும் நிதானமாகத் தொடங்குவார்.

"இங்க பாருமா கிரேஸ். இது நல்ல குடும்பங்க இருக்கிற நகர். ஆடு கட்டற எடம் இல்ல."

"நாங்க இன்னா கெட்ட குடும்பமாண்ணா?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா? ஆட்டைச் சொல்றேன்."

"உங்க வூட்ல நாயி இருக்குதே?"

"அது பெட்டுமா, செல்லப் பிராணி. அதுக்கும் நமக்கும் ஒரு இது இருக்குது. அன்பு. ஆட்டுக்கு அதெல்லாம் கெடயாது."

"யார் சொன்னது கெடயாதுன்னு?"

கலியாணசுந்தரம் சற்று யோசித்தார். சொன்னது அவர்தான் என்பது அவருக்கே போதவில்லை. "வாலாஜாபாத் ரோட்ல ஆராய்ச்சி பண்றாங்க பாரு, அந்த எடம். ஆட்டுக்கும் உனக்கும் பந்தம் இருக்குதுன்னு அவங்க எழுதிக் குடுத்தா நான் ஏன் கேக்கப்போறேன்? இல்லன்னா பொதுக்குழுவுக்கு முன்னாடி அனுப்பிச்சுடு."

"எங்கண்ணா அனுப்பறது?"

"ஆடு எங்க போவும்?" என்று அவர் தெருக்கோடியைப் பார்த்தார். அங்கே கறிக்கடை இருந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளையை வேனில் ஏற்றிக்கொண்டு கிரேஸும் டேனியலும் புறப்பட்டார்கள்.

மனிதர் – துணைவிலங்குப் பிணைப்பு ஆய்வு உயர்நிலை நிறுவனம், முன்னாளில் ஒரு கல்யாண மண்டபமாக இருந்தது. வாசலில் நல்வரவு வளைவு அப்படியே நின்றது. மேடையில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பந்திக்கூடம் ஆய்வுக்கூடம் ஆகியிருந்தது. இயக்குநரின் அறைக் கதவில் 'மணமகள் அறை' என்று எழுதியிருந்தது. அதை அழிப்பதற்கான கோப்பு மேலிடத்தில் பரிசீலனையில் இருந்தது. காவலாளி சிவராஜும் மண்டபத்து ஆள்தான். கட்டடத்தோடு சேர்த்து அவரையும் வாங்கிவிட்டார்கள்.

இயக்குநர் டாக்டர் பூவராகவனுக்கு விலங்கின் ரோமம் பட்டால் தும்மல் வரும். ஆகவே இத்துறையில் அவர் சாதித்ததெல்லாம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து சாதித்தது. தம்முடைய நடுநிலைக்கு அதுவே சான்று என்று எல்லாக் கூட்டங்களிலும் அவர் சொல்வதுண்டு. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு அவர் பேசினார்.

"அம்மா, அன்பு இருக்கிறது, அன்பு இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொன்னால் ஆயிற்றா? அளக்க வேண்டும். அளக்கப்படாத அன்பு வெறும் பழக்கம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நான் யாரிடமும் பிரியம் காட்டுவதில்லை. அங்கே கருவி கிடையாது. காட்டினால் பதிவாகாமல் வீணாகிவிடும்."

"வூட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா சார்?" என்று டேனியல் நிஜமான கவலையோடு கேட்டான்.

"சொல்வதற்கு அவர்கள் இப்போது என்னோடு இல்லை. அது வேறு விஷயம்" என்ற இயக்குநர், உதவியாளரைக் கூப்பிட்டார்.

ஆராய்ச்சி உதவியாளர் காயத்ரி இளம்பெண். கணினியைத் திறந்ததுமே அவளுக்குச் சிக்கல் வந்தது. துணைவிலங்கு என்ற இடத்தில் நாய், பூனை, கிளி, மீன் ஆகியவைதான் இருந்தன. ஆடு இல்லை.

"சார், இதுல ஆடு வரல சார்."

"மென்பொருளில் இல்லாத விலங்கை நாம் உருவாக்க முடியாது. இருப்பதில் நெருக்கமானதைப் போடுங்கள். நான்கு கால் இருக்கிறதா? வால்? நாய் என்று போட்டு, குறிப்பில் கொம்புள்ளது என்று சேர்த்துவிடுங்கள்."

காயத்ரி கிரேஸைப் பார்த்தாள். கிரேஸ் காயத்ரியைப் பார்த்தாள். மாப்பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. அவன் அன்று முதல் அந்நிறுவனத்தைப் பொறுத்தவரை நாய், கொம்புள்ளது.

நாய்க்கான சோதனைகள் தொடங்கின. பந்தை உருட்டிவிட்டு எடுத்துவரச் சொன்னார்கள். மாப்பிள்ளை பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றான். 'ஏவலுக்கு எதிர்ப்பு' என்று எழுதிக்கொண்டார்கள். உரிமையாளரின் கண்களை விலங்கு உற்று நோக்குகிறதா என்று கேமராவால் பார்த்தார்கள். ஆட்டின் கண்மணி குறுக்கே படுத்திருக்கும் அல்லவா? அவன் கிரேஸைப் பார்க்கிறானா, சுவரைப் பார்க்கிறானா, இரண்டையும் பார்க்கிறானா என்று கேமராவால் முடிவு செய்ய முடியவில்லை. 'பார்வையில் நேர்மையின்மை' என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது பிரிவுச் சோதனை. கிரேஸ் கூடத்தை விட்டு வெளியே போகவேண்டும். தனித்துவிடப்பட்ட விலங்கு கத்த வேண்டும், கதவைப் பிறாண்ட வேண்டும், குறைந்தபட்சம் வாடி உட்கார வேண்டும். மாப்பிள்ளை ஜன்னல் திரையைத் தின்னத் தொடங்கினான். ஓரத்தில் தொடங்கி நிதானமாக நடுவை நோக்கி வந்தான்.

"பிரிவுத் துயரம் இல்லை. பசி உண்டு" என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

"காலைல இருந்து ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று வெளியிலிருந்து கிரேஸ் கத்தினாள்.

"துயரத்தில் இருப்பவர்களுக்குப் பசிக்காது அம்மா. இது நிறுவப்பட்ட உண்மை."

டேனியல் அவள் காதருகே, "எங்கப்பா செத்தன்னிக்கு நான் நாலு பரோட்டா துன்னேன்" என்றான். அவள் முழங்கையால் அவனை இடித்தாள்.

கடைசியாகக் காயத்ரி படிவத்தைப் பார்த்துக் கிரேஸைக் கேள்வி கேட்டாள். இந்த விலங்கின் மீது உங்களுக்குள்ள பிரியம் பத்துக்கு எத்தனை?

"எப்போன்னு சொல்லுங்க. சவுரிய மேஞ்சப்போவா, சும்மா இருக்கறப்போவா?"

"சராசரியாக."

"அப்படியெல்லாம் எனக்கு மார்க் போடத் தெரியாதும்மா. என் வூட்டுக்காரருக்கே நான் மார்க் போட்டதில்ல."

"போட்டிருந்தா நான் எப்பவோ பெயிலு" என்றான் டேனியல்.

இதையும் எழுதிக்கொண்டார்கள்.

சான்றிதழ் கிடைத்துவிடும் என்று கிரேஸ் நினைத்த நேரத்தில் ஒலிபெருக்கி மறுபடி தொண்டையைச் செருமியது. ஒப்பீடு பாக்கி இருந்தது. காயத்ரி பின்பக்கம் போய் வெள்ளையாய் ஒரு கிடாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இது ஒப்பீட்டு விலங்கு" என்றார் இயக்குநர். "இதை நீங்கள் கூட்டிப் போங்கள். உங்களுடையது இங்கே இருக்கட்டும். இதனிடமும் உங்களுக்குப் பிரியம் உண்டானால், உங்களுடையது எந்த ஆட்டுக்கும் பொருந்துகிற பொதுப் பிரியம். பிணைப்பு ஆகாது. பிரியம் உண்டாகவில்லை என்றால், விலங்குகளிடம் பிரியம் வைக்கும் திறனே உங்களுக்கு இல்லை. அதுவும் பிணைப்பு ஆகாது."

கிரேஸ் இதை மனதுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "அப்ப எப்படிப் பாத்தாலும் எனக்கு சர்டிபிகேட் கெடயாதா சார்?"

"முடிவை முன்கூட்டியே கேட்பது அறிவியலுக்கு விரோதம்" என்று இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார்.

மாப்பிள்ளையை விடமாட்டேன் என்று அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் விட்டால் பிணைப்பு இல்லை என்றே எழுதவேண்டியிருக்கும் என்றார்கள். பொதுக்குழுவும் கறிக்கடையும் கண்ணில் வந்து போயின. கயிற்றைக் காயத்ரி கையில் கொடுத்துவிட்டு, வெள்ளைக் கிடாவோடு திரும்பினாள். வெள்ளைக் கிடா பயத்தில் வேன் முழுக்கப் புழுக்கை போட்டது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த சுகாசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

கிரேஸ் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, இத்தனையும் எப்படிக் கேட்டுக்கொண்டு வந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சுகாசினி கத்தவில்லை. பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"என்னையும் இப்படித்தாம்மா அளந்து பாத்தாங்க. உயரம், நெறம், சம்பளம். நடந்து காட்டச் சொன்னாங்க. பாடச் சொன்னாங்க. அப்பவும் நீ பக்கத்துல நின்னு, சொல்றதைச் செய்யின்னுதான் சொன்னே. இப்ப இவனையும் இட்டுக்கினு போயி நிறுத்திட்டியா?"

மகள் சாப்பிடாமல் போய்ப் படுத்தாள். வீட்டின் பின்னால் வெள்ளைக் கிடா புது இடத்தில் மிரண்டு கத்திக்கொண்டே இருந்தது. கிரேஸ் போய் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அறிவியல்படி அது பொதுப் பிரியம்.

அதன் பிறகு அவள் நிறுவனத்துக்குப் பலமுறை நடந்தாள். உரிமையாளர் முகத்தைக் காட்டினால் தரவு கெட்டுவிடும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று, "டேய் மாப்ளே!" என்று கத்தினாள். உள்ளேயிருந்து சத்தம் ஏதும் வரவில்லை. தரவைக் கெடுக்க முயன்றதாக எச்சரிக்கை மட்டும் வந்தது.

அன்று ஒரு சனிக்கிழமை. கிரேஸின் நாற்காலியில் சந்தியா என்கிற கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள். அரக்குப் பட்டுப் புடவை கட்டியாயிற்று, தலைப்பின்னல் ஆயிற்று, முகத்தில் ஒரு கண்ணுக்கு மட்டும் மை முடிந்திருந்தது. மாலையில் வரவேற்பு. அப்போது காயத்ரி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, ரிசல்ட் வந்துடுச்சு. பிணைப்பு நிறுவப்படலைன்னு போட்டுட்டாங்க."

"சரி, போட்டுட்டுப் போவட்டும். வந்து ஆட்டை இட்டுனு போறேன்."

"அதில்லக்கா. பிணைப்பு இல்லாத விலங்கு நிறுவனத்தோட உபரிப் பொருள்னு ஸ்டோருக்குத் தள்ளிட்டாங்க. இன்னிக்கு இங்க பெரிய கருத்தரங்கம். ஸ்டோர்ல இருந்து சாப்பாட்டுக் கமிட்டிக்கு எழுதிட்டாங்க. அக்கா, அவனை மெனுவுல சேத்துட்டாங்கக்கா."

கிரேஸ் கையிலிருந்த மைக்கோல் தரையில் விழுந்தது. "ஏங்க! வண்டிய எடுங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். பிறகுதான் சந்தியாவின் நினைவு வந்தது. "கண்ணு, கோச்சுக்காதேம்மா. அரை அவர்ல வந்துடறேன்."

"ஐயோ, இந்த ஒத்தைக் கண்ணோட என்னைத் தனியா வுட்டுட்டுப் போவாதீங்கக்கா. யாராச்சும் பாத்தா பயந்துடுவாங்க. நானும் வர்றேன்" என்று சந்தியா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நிறுவன வாசலில் கெடுபிடி அதிகமாக இருந்தது. கழுத்தில் அட்டை மாட்டியவர்களுக்கு மட்டுமே அனுமதி. சிவராஜ் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு வேனை நோக்கி வந்தார். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். பட்டுப் புடவையும் நெற்றிச்சுட்டியும் ஜடைநாகமுமாக ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த வாசலில் அவர் கழித்த காலம் அத்தனையும் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. "பொண்ணு வந்தாச்சு! வழி வுடுப்பா, வழி வுடு!" என்று கூவி, இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டார்.

சமையல்கட்டு பின்புறம். அடுப்பில் அண்டா ஏறியிருந்தது. குழாயடித் தூணில் மாப்பிள்ளை கட்டப்பட்டிருந்தான். பந்திக்கு வைத்திருந்த வாழையிலைக் கட்டில் பாதியைத் தின்று முடித்திருந்தான். கிரேஸைப் பார்த்துவிட்டு, மிச்சப் பாதியைத் தொடர்ந்தான்.

அவள் கயிற்றை அவிழ்த்தாள். தலைமைச் சமையற்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஏம்மா, அது ஆபீஸ் ஐட்டம்மா. எடுத்துக்கினு போனா நான் இன்னா பதில் சொல்றது?"

"ஐட்டம் எழுந்து போயிடிச்சுன்னு சொல்லு."

பின்வாசலை மளிகை லாரி அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே போக ஒரே வழி கருத்தரங்கம் நடக்கிற கூடம்தான். கிரேஸ் கதவைத் தள்ளினாள்.

உள்ளே நாற்காலிகள் நிரம்பியிருந்தன. குத்துவிளக்கு எரிந்தது. மேடையில் பொன்னாடை போர்த்தியபடி டாக்டர் பூவராகவன் உரையாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலைநகரிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழுத் தலைவர் குமரகுரு, மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாம் விலங்குகளைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுகிறவர்கள் அல்ல" என்று இயக்குநர் முழங்கினார். "இந்தக் கருத்தரங்கின் ஒவ்வொரு அம்சத்திலும், இரவு உணவு உட்பட, விலங்குகள் முழுமையாகப் பங்கேற்கின்றன!"

கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே, முன்னால் கொம்போடு ஒரு கிடாவும், அதன் கயிற்றைப் பிடித்தபடி கிரேஸும், அவளுக்குப் பின்னால் ஒரு கண்ணில் மை தீட்டிய கல்யாணப் பெண்ணும், கடைசியில் டேனியலும் நடுப்பாதையில் நடந்து வந்தார்கள். கலை நிகழ்ச்சி என்று நினைத்து அறிஞர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். சிலர் எழுந்து படம் பிடித்தார்கள்.

இயக்குநருக்குத் தும்மல் வந்தது. ஒலிபெருக்கியில் அது பெரிதாகக் கேட்டது. "அம்மா! நில்லுங்கள்! அது நிறுவனத்தின் சொத்து. உங்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நாங்கள் நிரூபித்திருக்கிறோம்!"

கூடம் அமைதியானது. கிரேஸ் நின்றாள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே கிடையாது. ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என் ஆட்டை நான் இட்டுனு போறேன் சார். நீங்க சாப்பாட்டுக்கு வேற ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிக்கோங்க."

முன்வரிசையில் சலசலப்பு ஓடியது. அறிஞர் ஒருவர் தம் பக்கத்து அறிஞரிடம், மெனுவில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார்.

குமரகுரு எழுந்தார். பக்குவமான மனிதர் என்று பெயர் வாங்கியவர். புன்னகையோடு கையை உயர்த்தினார்.

"சண்டை எதற்கு? எல்லாருக்கும் திருப்தியாக ஒரு வழி சொல்கிறேன். அம்மா, கயிற்றை விட்டுவிடுங்கள். ஆடு தானாக உங்களிடம் வந்தால் நீங்கள் கூட்டிக்கொண்டு போகலாம். வராவிட்டால் நிறுவனம் வைத்துக்கொள்ளட்டும். அன்பு இருந்தால் அது வந்துவிடாதா? பயப்படாதீர்கள். விட்டுப் பாருங்கள்."

கூடத்துக்கே இது பிடித்துப்போயிற்று. "விடுங்கம்மா! விடுங்க!" என்று நாலா பக்கமிருந்தும் குரல் வந்தது. கேமராக்கள் உயர்ந்தன. இயக்குநர்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். டேனியல் மெதுவாக, "வுட்டுப் பாக்கலாமா கிரேசு? வந்துடுவான்" என்றான். அவன் குரலில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

கிரேஸ் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் மேடைப் பூ அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாமந்தி. விட்டால் எங்கே போவான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்போதுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. அவன் நேராகத் தன்னிடமே வந்தாலும் கயிற்றை விடக்கூடாது.

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"வுடமாட்டேன்" என்றாள்.

"ஏன் அம்மா? நம்பிக்கை இல்லையா?" என்றார் குமரகுரு, கனிவாக.

"இவன் எங்கிட்ட வரமாட்டான் சார். அந்தப் பூவத் துன்னப் போவான். போவட்டும். அதனால எனுக்கு இன்னா? எங்கிட்ட வந்தாத்தான் என் ஆடா? என் பொண்ணைக்கூட ஒருத்தங்க நிக்க வெச்சு, நடக்க வெச்சுப் பாத்தாங்க. நானும் பல்லைக் காட்டிக்கினு நின்னேன். அன்னிக்கே எழுந்து, வெளில போங்கடான்னு சொல்லியிருக்கணும். இன்னிக்குச் சொல்றேன். இவன் பாஸ் பண்ணாலும் என்னோடவன், பெயிலானாலும் என்னோடவன். எங்க வூட்ல பரிச்ச கெடயாது."

அவள் நடக்கத் தொடங்கினாள். இயக்குநருக்குக் குரல் திரும்பியது. "அப்படியானால் எங்கள் ஒப்பீட்டு விலங்கையாவது திருப்பி அனுப்புங்கள்!"

"அத்தயும் தரமாட்டேன்!" என்று திரும்பாமலே சொன்னாள். "அடுத்த கூட்டத்துக்கு அதுதானே சாம்பார்?"

சாம்பாரில் ஆடு போடுவதில்லை என்று திருத்த யாருக்கும் தோன்றவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். காயத்ரியாக இருக்கலாம். அவர்கள் வாசலைத் தாண்டியதும் டாக்டர் பூவராகவன் ஒலிபெருக்கியைப் பிடித்து, உரிமையாளர்களின் சோதனை மறுப்பு என்கிற புதிய மனக்கோளாற்றை அறிஞர்கள் இப்போது நேரிலேயே கண்டார்கள் என்றும், இதை ஆராய்வதற்குத் தனித்துறை தேவை என்றும் அறிவித்தார். பெருத்த கைதட்டல் கிடைத்தது. குமரகுரு அங்கேயே தனித்துறைக்கு ஒப்புதல் அளித்தார்.

சந்தியாவின் இன்னொரு கண்ணை ஓடுகிற வேனிலேயே முடிக்கவேண்டியதாயிற்று. டேனியலை மெதுவாக ஓட்டச் சொல்லி, மாப்பிள்ளையை முழங்காலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கிரேஸ் மூச்சை அடக்கி மையைத் தீட்டினாள். சந்தியா அசையாமல் இருந்தாள். முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த ஆளு விடச் சொன்னப்போ நீங்க வுடமாட்டேன்னதும் எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சுக்கா. மாப்பிள்ளை வீட்ல நாளைக்கு யாராவது ஏதாவது கேட்டா நானும் இப்படித்தான் சொல்லப்போறேன்" என்றாள்.

"மொதல்ல சிரிக்காம இரு. கன்னத்துல பவுடர் காயட்டும்" என்றாள் கிரேஸ்.

சுகாசினி வேலையிலிருந்து வந்தபோது வாசலில் இரண்டு கிடாக்கள் நின்றன. அவள் மாப்பிள்ளையின் இரண்டு கொம்பையும் பிடித்து நெற்றியோடு நெற்றி முட்டினாள். அவன் அவள் துப்பட்டாவைத் தின்ன முயன்றான். உள்ளே போய்ச் சோறு போட்டு, இரண்டு தட்டில் எடுத்துக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளைக் கிடாவுக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தாள்.

பொதுக்குழுவுக்கு முன்தினம் கலியாணசுந்தரம் வந்தார். தெருவில் நாலைந்து பெண்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவருடைய மனைவி கிருஷ்ணம்மாளும் அவர்களோடு நின்றார்.

"சர்டிபிகேட் வாங்கினியாமா?"

"இல்லண்ணா. பந்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப?"

"அப்ப ஒண்ணும் இல்ல. இவன் இங்கதான் இருப்பான். அவனும் இருப்பான். பொதுக்குழு வந்து அவுத்துக்கினு போவட்டும். நான் வாசல்லதான் நிப்பேன்."

கலியாணசுந்தரம் திரும்பி ஆதரவுக்குத் தெருவைப் பார்த்தார். தெரு அவருக்கு ஆதரவாக இல்லை. கிருஷ்ணம்மாள், "ஆடு நிக்கட்டுமே, உங்களுக்கு இன்னா வந்தது?" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "சரிம்மா. நான் விரோதமாக் கேக்கல. பால் கறக்கப்போறதில்ல, விக்கப்போறதில்ல, வெட்டப்போறதில்ல. பாசம்னாலும் இல்லன்றாங்க. பின்ன எதுக்குத்தான் வெச்சிருக்கே?"

கிரேஸ் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலண்ணா. எதுக்குன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ வித்திருப்பேன்."

இதற்கு என்ன சொல்வது என்று சங்கத்தின் விதிகளில் இல்லை. கலியாணசுந்தரம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மீசையை விரலால் தடவியபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்:

"வெள்ளை எட்டிப் பாக்குது. சாயம் போட நாளைக்கு வரலாமா?"

"வாங்கண்ணா" என்றாள் கிரேஸ். "மாப்பிள்ளை வாசல்ல நிப்பான். அவன் வழி வுட்டா உள்ள வாங்க."